தேர் வடமும் ஒரு துளி நொதியமும்

கடிதம் எழுதியவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, சீனி வருத்தமும் இருக்கிறது. ஆண்குறியின் மேற்பக்கம் கடலைப் பருப்பளவில் ஏதோ தட்டுப்படுகிறதாம், விறைக்கும்போது வலிக்கிறதாம், ஏழு மாதத்தில் மேல்நோக்கி நன்றாக வளைந்தும்விட்டதாம். புற்றுநோயா, ஒப்பரேஷன் செய்தால் நேராகுமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் “இளம் வயதில் செய்த பிழைக்குத் தண்டனையோ தெரியாது” என்று முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில்: தண்டனை இல்லை. இந்தப் பயத்தை நம்பித்தான் பத்திரிகையில் கட்டம் கட்டி லேகியம் விற்கிறார்கள், எனக்கு அவர்கள்மேல் கொஞ்சமும் மரியாதை கிடையாது. வைத்தியர் தொட்டுப் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும் என்றாலும், அவர் சொல்லும் அறிகுறிகள் பெய்ரோனி நோய்க்கு அப்படியே பொருந்துகின்றன. அது புற்றுநோய் அல்ல. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் சத்திர சிகிச்சையாளர் பெய்ரோனி இதை 1743இலேயே எழுதி வைத்தார்.

உள்ளே நடப்பது இதுதான். விறைப்பு என்பது இரத்தம் நிரம்புவது, அது எல்லோரும் படித்தது. அந்த இரத்தத்தைப் பிடித்து வைக்கும் உறை ஒன்று இருக்கிறது, அதில் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் நீளவாக்கிலும் குறுக்காகவும் ஒட்டுப்பலகை மாதிரி அடுக்கியிருக்கும். உடலுறவின்போது மடங்கியோ அழுத்தப்பட்டோ அதில் சிறு காயங்கள் ஏற்படலாம். பலருக்கு அது தானாக ஆறிவிடும், சிலருக்கு மட்டும் ஆறும் வேலை நிற்காமல் கொலாஜன் தாறுமாறாகக் குவிந்து தழும்பாகிவிடுகிறது. தழும்பு விரியாது, மற்றப் பக்கம் விரியும். அதனால் தழும்பு இருக்கும் பக்கமாக வளைகிறது.

சரி, அந்தத் தழும்பைக் கரைக்க முடியாதா? விற்றமின் ஈ மாத்திரையை எத்தனையோ ஆண்டுகளாக எழுதிக் கொடுத்தார்கள், ஆய்வுகளில் பயன் தெரியவில்லை. அதிர்வலைச் சிகிச்சை வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், வளைவை அசைக்காது. கொலாஜன் அவ்வளவு பிடிவாதக்காரப் புரதம். ஆடிவேல் தேரின் வடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? புரிகளை இறுக்கி முறுக்கியிருப்பார்கள், விரல் நுழையாது. கொலாஜனும் மூன்று புரி முறுக்கிய வடம்தான். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருப்பதால்தான் அந்த மூன்றும் இவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது. புரதத்தை வெட்டும் சாதாரண நொதியத்துக்கு (என்சைமுக்கு) அதில் வாய் வைக்க இடமே இல்லை.

வாய் வைக்கத் தெரிந்த ஒரு பக்டீரியா இருக்கிறது, குளொஸ்ட்ரிடியம் ஹிஸ்டோலிற்றிக்கம். முதலாம் உலகப் போரில் படைவீரர்களின் காயங்களை அழுக வைத்த கூட்டத்தில் அதுவும் ஒன்று, 1916இல் அடையாளம் கண்டார்கள். கொலாஜனை வெட்டும் நொதியத்துக்குக் கொலாஜனேஸ் என்று பெயர். நம் உடலின் கொலாஜனேஸ் அந்த வடத்தை ஓரிடத்தில்தான் வெட்டும், இந்தப் பக்டீரியாவுடையதோ பல இடங்களில் துண்டு துண்டாக நறுக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். தழும்பில் இருக்கும் முதலாம், மூன்றாம் வகைக் கொலாஜனை நறுக்கும் அதே நொதியம், இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் சுற்றியிருக்கும் நான்காம் வகையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது! சுத்திகரித்துத் தழும்புக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள், ஆறு வார இடைவெளியில் அதிகபட்சம் நான்கு சுற்று, சுற்றுக்கு இரண்டு ஊசி. பெரிய ஆய்வுகளில் வளைவு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது, மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கும் 18 சதவீதம் குறைந்தது. ஆக 50 பாகை 33 ஆகும், பூச்சியம் ஆகாது. அரிதாக உறையே கிழிந்துவிடும் ஆபத்தும் உண்டு. அமெரிக்கா முதலில் கை விரல் மடங்கிப்போகும் நோய்க்குத்தான் 2010இல் இந்த ஊசியை அனுமதித்தது, பெய்ரோனி நோய்க்கு 2013இல். வெட்கப்படும் நோய்களுக்கு ஆராய்ச்சிப் பணமும் வெட்கப்பட்டுத்தான் வரும் போலிருக்கிறது.

ஒப்பரேஷன் தையல் வேலை. சட்டையின் ஒரு பக்கம் தொங்கினால் தையல்காரர் அந்தப் பக்கத்தை மடித்துத் தைப்பாரே, அதேபோல நீண்ட பக்கத்தை மடித்துத் தைப்பார்கள். நேராகும், ஆனால் நீளம் கொஞ்சம் குறையும். 60 பாகைக்கு மேல் வளைந்திருந்தால் தழும்பைக் கீறி ஒட்டுத்துணி மாதிரி வேறு திசுவை வைத்துத் தைப்பார்கள், நீளம் மிஞ்சும், விறைப்புக் குறையும் ஆபத்து கூடும். மாத்திரைக்கும் விறைப்பு வராதவர்களுக்கு உள்ளேயே செயற்கை உருளை பொருத்துவதுண்டு.

கடிதக்காரருக்கு இப்போது கத்தி வேண்டாம். வலி இருக்கிறது என்றால் தழும்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. வளைவு மாறாமல் குறைந்தது மூன்று மாதமாவது நின்ற பிறகுதான் வெட்டுவார்கள், ஆரம்பித்து ஒரு வருடமாவது ஆக வேண்டும். அதற்காக வீட்டில் இருந்துவிடாமல் இப்போதே யூரோலஜி நிபுணரைப் பாருங்கள், சீனியையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். அப்புறம், வளைவை அளக்க விறைத்த நிலையில் எடுத்த படம் கேட்பார்கள், பக்கவாட்டிலும் மேலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துப் போங்கள். ஃபோனில் எடுக்கும் முன் அது பிள்ளைகளின் டப்லெட்டோடு இணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.