ஹைட்ராலிக் ஹோஸ்: பெயரில் நீர், உள்ளே எண்ணெய்

விமானம் வந்து நின்றதும் அதைச் சூழ்ந்துகொள்ளும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிகளை ஏற்றும் பெல்ட் லோடர், சரக்குத் தளத்தை அப்படியே மேலே தூக்கும் லோடர், சாப்பாட்டு வண்டி, விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் டிராக்டர். இவற்றில் தூக்குகிற, சாய்க்கிற வேலை பெரும்பாலும் ஹைட்ராலிக்கில்தான் நடக்கிறது. பம்பு உண்டாக்கும் அழுத்தத்தை எண்ணெய் வழியாக, தண்டை நகர்த்தி வேலை செய்யும் சிலிண்டருக்குக் கொண்டுபோகும், வளைந்து கொடுக்கும் குழாய்தான் ஹைட்ராலிக் ஹோஸ். அசையாத இடத்துக்கு இரும்புக் குழாயே போதும்.

'ஹைட்ராலிக்' கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். அதில் 'ஹைடோர்' என்றால் நீர், 'அவ்லோஸ்' என்றால் குழல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த கிடெசிபியோஸ், நீரைக் கொண்டு காற்றழுத்தத்தைச் சீராக வைத்துக் குழல்களை ஒலிக்கவைக்கும் ஓர் இசைக்கருவியைச் செய்தார். அதன் பெயர் ஹைட்ராலிஸ். பட்டறைக்கு வருமுன் இந்தச் சொல் கச்சேரி மேடையில் இருந்திருக்கிறது! அவ்லோஸ் போலவே நம் 'குழல்' என்ற சொல்லும் ஊதும் கருவியையும் குறிக்கும், உள்ளே துளையுள்ள எதையும் குறிக்கும்.

பெயரில் இருக்கும் நீரும் ஒரு காலத்தில் உண்மைதான். 1795இல் ஆங்கிலேயர் ஜோசப் பிரமா காப்புரிமை பெற்ற அழுத்தப்பொறி நீரில் இயங்கியது. 1894இல் திறக்கப்பட்ட லண்டன் டவர் பாலத்தைத் தூக்கியதும் அழுத்தமேற்றிய நீர்தான். ஆனால் நீர் துருப்பிடிக்க வைக்கும், குளிரில் உறையும், உராயும் பாகங்களுக்கு மசகாகவும் உதவாது. அதனால் எண்ணெய் வந்தது, பெயர் மாறவில்லை.

'ஹோஸ்' பழைய ஜெர்மானியச் சொல். முதலில் கால் உறையைக் குறித்தது. ஜெர்மனியில் இன்றும் 'ஹோஸ' என்றால் பேண்ட். நம்மூரிலும் பேண்ட்டைக் கேலியாகக் 'குழாய்' என்பதுண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நீரியல் குழாய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நீரியல் என்றதும் ஆறு, ஏரி, நிலத்தடி நீர் பற்றிய படிப்புதான் நினைவுக்கு வரும். திரவத்துக்கு 'நீர்மம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆகவே 'நீர்ம அழுத்த நெகிழ்குழாய்' என்பதே என் தேர்வு. பட்டறையில் 'ஓஸ் பைப்' என்பவரைத் திருத்தவும் வேண்டியதில்லை. எழுத்தில் மட்டும் இது இருக்கட்டும்.

இந்தப் பெயரில் ஒரு பயனும் உண்டு. குழாய் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே ஓடும் நீர்மம் எது என்பதுதான். லோடர் போன்ற வண்டிகளில் ஓடுவது பொதுவாகக் கனிம எண்ணெய். அதற்கு நைட்ரைல் ரப்பர் உள்குழாய் பொருந்தும். ஆனால் தரையில் நிற்கும் விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்புக்கு அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் வண்டியின் கதை வேறு. பெரிய பயணிகள் விமானங்களில் ஓடுவது ஸ்கைட்ரால் வகை, ஊதா நிறம், எளிதில் தீப்பிடிக்காத பாஸ்பேட் எஸ்டர். அது நைட்ரைலை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அங்கே ஈபிடிஎம் ரப்பரோ டெஃப்லான் வகையோ வேண்டும். அதே ஈபிடிஎம் குழாயைக் கொண்டுபோய் லோடரில் மாட்டினால் கனிம எண்ணெய் அதைக் கெடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கறுப்பு ரப்பர்தான். ஒரே அலமாரியில் இரண்டையும் கலந்து வைக்கும் ஸ்டோர் கீப்பரை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

அடுத்து, குழாயின் முதுகில் அச்சிட்டிருக்கும் வரியைப் படிக்க வேண்டும். 'ஈஎன் 853 2எஸ்என்' என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு இருந்தால் இரண்டு அடுக்கு எஃகுக் கம்பிப் பின்னல். அரை அங்குல அளவில் அதன் செயல் அழுத்தம் 275 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). வெடிப்பு அழுத்தம் அதைப்போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். அதற்காக 275க்கு மேல் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை; அந்த நான்கு மடங்கு, திடீரென்று எகிறும் அழுத்தத்துக்கும் தேய்மானத்துக்கும் விட்டுவைத்த இடம். இதே குழாயை 180 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கவும் கூடாது. கத்தரிபோல் விரிந்து மடியும் லோடரில், மேடை முழுக்க இறங்கிய நிலையிலும் முழுக்க ஏறிய நிலையிலும் இந்த வளைவை அளந்து பார்க்க வேண்டும். மாட்டும்போது முறுக்கிக்கொண்டதா என்பதை அந்த அச்சு வரியே காட்டிவிடும்: நேராக ஓடினால் சரி, சுருள்சுருளாகப் போனால் கழற்றி மாட்டுங்கள்.

முனையில் உலோக இணைப்பை நசுக்கிப் பொருத்துவதைக் கிரிம்பிங் என்கிறார்கள். ஒரு கம்பெனி குழாய்க்கு இன்னொரு கம்பெனி இணைப்பைப் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பது வீண். ஒழுகினால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது; ஊசித்துளை வழியே சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிதானே என்று விடாமல் உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய காயம் அது.

இந்த வண்டிகள் நாள் முழுக்க வெயிலில் நிற்பவை. மேலுறை வெடித்துக் கம்பி தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். வெடிக்காவிட்டாலும் வயது உண்டு. ஜெர்மனியின் டிஐஎன் 20066 தரப்படி, இணைப்புகளோடு தயாரான குழாய்க்கு 6 ஆண்டுதான். அதில் கிடங்கில் இருக்கும் காலம் 2 ஆண்டைத் தாண்டக் கூடாது. அச்சு வரியில் '2க்யூ24' போல் இருந்தால் 2024இன் இரண்டாம் காலாண்டில் செய்தது. விலை பேசுமுன் அதைப் பாருங்கள். ஆர்டரில் நீர்மம், உள்விட்டம், செயல் அழுத்தம், வெப்பநிலை, முனை இணைப்பு ஐந்தையும் எழுதுங்கள். 'பழையது மாதிரியே ஒன்று' என்று மட்டும் எழுதாதீர்கள். பழையதே தவறான குழாயாக இருந்திருக்கலாம்.