அப்பாவின் காரும் ஒற்றை மாஸ்டர் சிலிண்டரும்

டெட்ராய்ட் நகருக்கு வடக்கே, பழைய கார்களைச் சீரமைக்கும் பட்டறை ஒன்றில் பிரேக் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் நெருங்கினால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் பெரும் பவனி. 1995இல் தொடங்கியது. குளிர்காலம் முழுவதும் போர்த்திக் கிடந்த கார்கள் அதற்காகத்தான் வெளியே வருகின்றன.

எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் 1957ஆம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா வாங்கிய கார். பெட்ரோல் போடும் வாய் எங்கே இருக்கிறது என்று என்னைச் சோதித்துப் பார்த்தார். காரின் பின்புறத்தில் மீன் துடுப்புபோல எழும் இடப்பக்க வால் துடுப்பின் குரோம் பட்டைக்குள் ஒளிந்திருக்கும் அதை நான் திறந்து காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. பெட்ரோல் போட வந்தவர்கள் அதைத் தேடித் திணறுவதைச் சிறுவயதில் பின் இருக்கையிலிருந்து பார்த்துச் சிரிப்பாராம். இந்தக் கார்களை வெறும் இரும்பு என்று பேசுபவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை.

பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பவனிக்குப் போவது அவருடைய ஆசை. புது வண்ணம் பூசியிருந்தார். இருக்கைகளுக்கு உறை மாற்றியிருந்தார். பிரேக்கை மட்டும் யாரும் தொடவில்லை. மிதித்தால் நிற்கிறது, அது போதும் என்று நினைத்திருக்கிறார்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரே அறைதான். நான்கு சக்கரங்களுக்கும் போகும் பிரேக் ஆயில் அந்த ஓர் அறையிலிருந்தே கிளம்புகிறது. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் பெடல் தரைவரை இறங்கிவிடும். நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்காது. கம்பியால் இயங்கும் கை பிரேக் ஒன்றுதான் மிச்சம். அந்தப் பெரியவரின் காரில் முன்சக்கரக் குழாய் வெளியே பளபளவென்று இருந்தது. கழற்றி வளைத்தேன், நெடுக வெடிப்பு. சிலிண்டரின் அடியில் காப்பி நிறத்தில் சேறு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓடாமல் நிற்கும் காரிலும் அது கெடும், இரும்புக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். ஆகவே கார் ஓடியதோ இல்லையோ, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும்.

முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி அறை கொண்ட சிலிண்டரைக் காடிலாக் 1962லேயே பொருத்தியது. அமெரிக்க அரசு அதைக் கட்டாயமாக்கியது 1968இல். அதற்கு முந்தைய காரை வைத்திருப்பவர்கள் அனைவரிடமும் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். காரின் அசல் தன்மை போய்விடும் என்பார்கள். பழைய சிலிண்டரைத் துடைத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது திரும்பப் பொருத்தலாம்.

கனமான இரும்பு காப்பாற்றும் என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் வருத்துகிறது. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 1959ஆம் ஆண்டு பெல் ஏர் ஒன்றையும் புதிய ஷெவர்லே மாலிபு ஒன்றையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏரின் ஓட்டுநர் அறையே நொறுங்கியது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருப்பது அரிது. மாலிபுவில் இருந்திருந்தால் காலில் சிறு காயத்தோடு போயிருக்கும். பழைய ஸ்டீயரிங் தண்டு மோதலில் மடங்கிக்கொடுக்காது, மார்பை நோக்கி வரும். அதை மாற்றுவது பெரிய வேலை. சீட் பெல்ட் பொருத்துவது அப்படி இல்லை. ஆனால் துருப்பிடித்த தரைத் தகட்டில் வெறுமனே போல்ட் போட்டால் இழுவிசையில் பிய்ந்துவிடும். அடியில் கனமான தகடு வைத்தே முடுக்க வேண்டும்.

டயரில் தரையைத் தொடும் வரிகள் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரமும் ஆண்டும். பத்து ஆண்டு கடந்திருந்தால் கழற்றிவிடுங்கள். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைத் திறக்கும்போது அதிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. டிரம்மோடு உரசி வண்டியை நிறுத்தும் பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம்.

பெரியவர் பவனிக்குப் போய்வந்தார். அசல் சிலிண்டர் துணியில் சுற்றியபடி அவர் காரின் டிக்கியில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கார் நின்றால், கொட்டகையை விட்டு எடுப்பதற்கு முன் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கால் மெல்லக் கீழே இறங்கினால் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வராதீர்கள். இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.