டிஆர்எல் உங்களுக்காக எரியவில்லை

"அண்ணே, ஹெட்லைட் ரொம்ப டல்லா இருக்கு. கொஞ்சம் பவரா ஏதாவது போட்டுக் கொடுங்க."

போன வாரம் பட்டறைக்கு வந்த தம்பி இப்படித்தான் ஆரம்பித்தார். வண்டியின் பின் பம்பர் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டதற்கு, "பின்னாடி வந்தவன் தூங்கிட்டாண்ணே, பிரேக்கே பிடிக்காம வந்து இடிச்சிட்டான்" என்றார். ஷட்டரை இறக்கி உள்ளே இருட்டாக்கிவிட்டு, "ராத்திரி எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே எல்லாத்தையும் போடுங்க" என்றேன். ஸ்டார்ட் செய்தார். முன்னால் இரண்டு பக்கமும் டிஆர்எல், அதாவது பகலில் தானாக எரியும் முன்விளக்குப் பட்டை, வெல்டிங் வைப்பதுபோல் எரிந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். கும்மிருட்டு. டெயில் லைட் இல்லை, நம்பர் பிளேட் விளக்கு இல்லை. ஹெட்லைட் சுவிட்ச் ஆஃபில் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு ஓரிடத்தில் கோடிங் போட்டு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி, டிஆர்எல்லை உச்சத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் இரவில் ஓட்டியது டிஆர்எல் வெளிச்சத்தில் மட்டும்தான். இடித்தவர் தூங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்னால் ஒரு வண்டி போகிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான்.

சுவிட்சைத் திருகி லோ பீமை, அதாவது ஹெட்லைட்டின் தாழ்ந்த வெளிச்சத்தை, போட்டுக் காட்டினேன். "அட, இது நல்லாத்தானே எரியுது!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதத்தில் இதே கதை நான்காவது முறை.

டிஆர்எல் சாலையைப் பார்ப்பதற்கான விளக்கு இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இது உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இதைக் கட்டாயமாக்கிய நாடுகளின் வரிசையைப் பாருங்கள். பின்லாந்து 1972-இல், குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே போகும் வண்டிகள் பகலிலும் விளக்கு போட வேண்டும் என்றது. சுவீடன் 1977-இல் ஆண்டு முழுவதற்கும் கொண்டுவந்தது. கனடாவில் 1989 டிசம்பர் முதல் தயாரான வண்டிகளில் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் மாடல்களுக்குக் கட்டாயம். இவர்கள் யாரும் 'ஓட்டுநருக்குப் பகலில் சாலை தெரியவில்லை' என்று கவலைப்பட்டு இதைச் செய்யவில்லை. சாம்பல் நிறச் சாலையில் சாம்பல் நிறக் கார் வருவது எதிரே இருப்பவருக்குத் தெரியவில்லை. வண்டியை முந்தப் பார்ப்பவர், சாலையைக் கடக்க நிற்பவர், சைக்கிளில் திரும்புபவர், இவர்கள் கண்ணில் நீங்கள் பட வேண்டும். அதற்காக உங்கள் வண்டியில் பொருத்தப்பட்ட, அவர்களுடைய விளக்கு அது.

ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தால் அந்த விளக்கு உங்கள் கண்ணிலேயே படாது. கண்ணில் படாத விளக்கின் வெளிச்சம் போதுமா போதாதா என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

லோ பீமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சுவரில் அடித்துப் பார்த்தாலே புரியும். லோ பீமுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே பல்லாயிரம் கேண்டெலா (ஒரு திசையில் போகும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் சாலையில் கொட்டும். கோட்டுக்கு மேலே, எதிரே வருபவரின் கண் இருக்கும் இடத்துக்கு, விதி விடுவது சில நூறு கேண்டெலாதான். டிஆர்எல்லுக்கு அந்தக் கோடே கிடையாது. கண்ணில் படுவதுதான் அதன் வேலை என்பதால் மேலும் பக்கவாட்டிலும் பரவும்படி செய்திருக்கிறார்கள். இதற்கான ஐநா விதி 87, ஒரு விளக்குக்கு நேர் முன்னால் குறைந்தது 400 கேண்டெலா இருக்க வேண்டும், எந்தத் திசையிலும் 1200-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெயிலில் இது உறுத்தாது. இருட்டில் இதே விளக்கு, எதிரே வருபவர் கண்ணில் ஒழுங்கான லோ பீமைவிட அதிகமாகக் குத்தும்.

அதனால்தான் ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல் தானாக அணைகிறது, அல்லது மங்கி பார்க்கிங் லைட்டாக மாறுகிறது. முன்பக்கப் பார்க்கிங் லைட்டுக்கு 4 கேண்டெலாவே போதும், ஒற்றை விளக்கு என்றால் உச்சம் 140. 'ராத்திரி டிஆர்எல் டல்லாயிடுது, ஃபால்ட்டா?' என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். ஃபால்ட் இல்லை. வண்டி செய்தவன் யோசித்துச் செய்தது. கோடிங்கில் போய் அந்த மங்கலை நீக்கி இரவிலும் முழு வெளிச்சம் வைப்பதுதான் இப்போது ஓடுகிற ஃபேஷன். நான் செய்து தர மாட்டேன். பக்கத்தில் வேறு யாராவது செய்து தருவார்கள் என்பதும் தெரியும்.

வெளிச்சத்தை ஏற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஏற்றுகிறார்கள். பகல் வெளிச்சத்தில் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்பார்கள். நம் கண் தராசு மாதிரி அளக்காது. வெளிச்சத்தை இரு மடங்காக்கினாலும் 'கொஞ்சம் கூடியிருக்கு' என்றுதான் தெரியும். ஆகவே மறுபடியும் "இன்னும் கொஞ்சம்". அன்று இரவு எதிரே மழையில் வரும் பைக்காரரின் ஹெல்மெட் கண்ணாடியில் அது என்னவாகத் தெரியும் என்று அந்த வாசலில் யாரும் யோசிப்பதில்லை. கண்புரை ஆரம்பித்த வயதானவர்களுக்கு இன்னும் மோசம். அவர்களுடைய கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறி, உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து போகிறவரை மறைத்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். 'பத்தாயிரம் கெல்வின் போடுங்க, பவரா இருக்கும்' என்கிறவர்களிடம் வாதாடி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. கெல்வின் வெளிச்சத்தின் அளவு அல்ல, நிறத்தின் அளவு. எண் ஏற ஏற நீலம் கூடும், அவ்வளவுதான். மனிதக் கண்ணுக்குப் பகலில் பளிச்சென்று தெரிவது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், 555 நானோமீட்டர் பக்கம். 450 நானோமீட்டர் நீலத்துக்கு அதில் 4 சதவீதம்கூட உணர்வு கிடையாது. வெள்ளை எல்இடி மேல் நீல ஃபிலிம் ஒட்டினால், கண்ணுக்குப் பயன்படுகிற பகுதியை வடிகட்டிவிட்டு, கூச்சம் தருகிற பகுதியை மட்டும் அனுப்புகிறீர்கள். வெளிச்சமும் குறைந்தது, எரிச்சலும் கூடியது. அந்தத் தம்பி செய்திருந்ததும் இதேதான்: முதலில் நீல ஃபிலிம், அது மங்கலாக இருக்கிறது என்று கோடிங்.

நீலம் பல நாடுகளில் அவசர வண்டிகளுக்கு ஒதுக்கிய நிறம். சிவப்பு அதைவிட ஆபத்து. இரவில் சிவப்பு தெரிந்தால் 'முன்னால் ஒரு வண்டி என் திசையில் போகிறது' என்று எந்த ஓட்டுநரும் யோசிக்காமலே எடுத்துக்கொள்வார். நீங்களோ எதிரே வந்துகொண்டிருக்கிறீர்கள். அழகுக்காக வைத்த சிவப்பு அவரிடம் உங்கள் திசையையே பொய்யாகச் சொல்கிறது. மஞ்சள் வைக்கலாமா என்பார்கள். அமெரிக்க விதி மஞ்சளை ஏற்கிறது, ஐநா விதி வெள்ளையை மட்டும்தான் ஏற்கிறது. உங்கள் வண்டி எந்த விதிப்படி சான்று பெற்றதோ அதுதான் கணக்கு. அதற்கும் மேலே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: மஞ்சள் பட்டைக்குப் பக்கத்தில் மஞ்சள் இண்டிகேட்டர் மின்னினால் யாருக்குத் தெரியும்?

இண்டிகேட்டர் விஷயம் வெள்ளைக்கும் பொருந்தும். நிறைய வண்டிகளில் இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்து டிஆர்எல் மங்கும் அல்லது அணையும். இரண்டும் ஒட்டி இருந்தால் வெள்ளை வெளிச்சம் மஞ்சளை விழுங்கிவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. கோடிங் போடுகிறவர் முதலில் கழற்றி எறிவது இதைத்தான், 'ஸ்டைலா இல்லை' என்று. போன மாதம் ஒருவர், இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினேன், பைக்காரர் பார்க்காமல் வந்துவிட்டார் என்று குறைப்பட்டார். இருபது அடி தள்ளி நின்று நானே பார்த்தேன். இண்டிகேட்டர் எரிந்தது உண்மைதான். எனக்கும் தெரியவில்லை.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கரண்டை ஏற்றினால் எல்இடி சூடாகும், சூடானால் மங்கும், நிறம் மாறும், ஒருநாள் போகும். போகும்போது தனியாகப் போகாது. பெரும்பாலான வண்டிகளில் அது ஹெட்லைட்டோடு ஒட்டிய பாகம், முழு ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டிவரும். நிறம் மாற்ற ஹெட்லைட்டைச் சூடாக்கிப் பிளக்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி போட்ட சீலைத் திரும்ப அதே மாதிரி போட நானே யோசிப்பேன். இரண்டு மழைக்குப் பிறகு உள்ளே ஆவி படிந்து, "அண்ணே, ஏசி மாதிரி வேர்க்குது" என்று என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

உங்கள் டிஆர்எல் உண்மையிலேயே மங்கலாக இருந்தால், கூட்டுவதற்கு முன்னால் காரணத்தைப் பாருங்கள். கண்ணாடி மஞ்சளாகியிருக்கும், பாலிஷ் போட்டால் தீரும். எர்த் துருப்பிடித்திருக்கும். எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டு போயிருக்கும். டிஆர்எல் இல்லாத வண்டிக்குத் தனியாக வாங்கி மாட்டினால், லென்ஸில் வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் ஆர், எல் என்ற இரண்டு எழுத்துகளும் இருக்கின்றனவா பாருங்கள். இல்லாவிட்டால் அது சும்மா ஒரு எல்இடி பட்டை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஹெட்லைட் போட்டதும் அது அணைகிறதா, மங்குகிறதா என்று பாருங்கள். ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்க விடாதீர்கள். நிறம் மாறும் ரிமோட் பட்டையைச் சாலையில் போட வேண்டாம், தயவுசெய்து.

ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாக ஓட்டுவதுபோல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். சிவப்பு எரியாவிட்டால் பிரச்சினை என்னவென்று தெரிந்துவிடும். ஆட்டோ ஹெட்லைட் இருந்தால் சுவிட்சை அதிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் மழையிலும் மூடுபனியிலும் பகல் வெளிச்சம் போதுமான அளவு இருந்தால் அந்த சென்சார் ஏமாந்துவிடும், அப்போது கையால் போட வேண்டும். பிறகு முன்னால் வந்து, இருபது முப்பது அடி தள்ளி உட்காருங்கள். நிற்க வேண்டாம், எதிரே காரில் வருகிறவர் உட்கார்ந்துதான் வருகிறார். வீட்டில் யாரையாவது இண்டிகேட்டர் போடச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டியில் ஃபிலிமை உரித்தோம். லென்ஸின் மேல்பூச்சும் கொஞ்சம் அதோடு வந்துவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கோடிங்கைப் பழைய அளவுக்கு மாற்றலாம் என்று ஸ்கேனரை மாட்டிவிட்டு, "பழைய நம்பர் என்ன இருந்துச்சு, குறிச்சு வெச்சீங்களா?" என்று கேட்டேன். ஏற்றிக் கொடுத்தவரும் குறிக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. அதே மாடலில் கைபடாத வண்டி ஒன்று சர்வீஸுக்கு வரும்வரை காத்திருந்து, அதிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துத்தான் போட்டேன். இரண்டு நாள் ஆனது.