தும்மல் மாத்திரையும் நடுராத்திரி அலறலும்

ஐந்து வயது மகனுக்குத் தும்மல் நிற்க இரவில் ஒரு மாத்திரை கொடுக்கிறார்களாம். நாலாம் நாளிலிருந்து நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அலறுகிறானாம். காத்து கருப்பு என்று மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டார். "மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி. மாத்திரை அட்டையில் இருந்த பெயர்கள்: மாண்டெலூகாஸ்ட், லெவோசெட்ரிசின்.

இருக்கலாம். லியூக்கோட்ரையீன் என்ற பொருள் மூச்சுக்குழாயை இறுக்கும். அது வந்து ஒட்டுகிற ஏற்பியை மாண்டெலூகாஸ்ட் அடைத்துக்கொள்கிறது. சரி, மூச்சுக்குழாய்க்கான மருந்து கனவுக்குள் எப்படிப் போகும்?

1885இல் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார். உறுப்புகளெல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயம் பிடிக்காது என்று நினைத்துவிட்டார். அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913இல் நீலச் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள திரவத்திலேயே செலுத்திப் பார்த்தார். மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் அப்படியே இருந்தன! நடுவில் ஒரு மதில் இருக்கிறது.

உடம்பின் மற்ற இடங்களில் ரத்தத் தந்துகிச் சுவரின் செல்களுக்கு நடுவே சந்து இருக்கும். மூளையில் அந்தச் சந்தே கிடையாது, பாய் முடைந்தது போல நெருக்கம். செல்லுக்குள்ளேயே புகுந்துதான் கடக்க வேண்டும். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது என்பதால், கொழுப்பில் கரையும் பொருளுக்கே வழி எளிது. அப்படி நுழைந்ததையும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளும். பழைய தும்மல் மாத்திரைகள் அளவுக்கு செட்ரிசின் (அட்டையில் இருந்த லெவோசெட்ரிசினின் நெருங்கிய உறவு) தூக்கம் தராததற்கு இந்தப் பம்பும் ஒரு காரணம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

மாண்டெலூகாஸ்ட் கொழுப்பில் கரையக்கூடியது. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது மூளையிலும் அது தென்பட்டது. அங்கே என்ன செய்கிறது என்பதில் ஆய்வு இன்னும் நடக்கிறது.

அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 1998இல் அனுமதி கிடைத்தது. கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரலாம் என்று கட்டம் கட்டிய எச்சரிக்கையை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில்தான் சேர்த்தது. சாதாரண ஒவ்வாமைத் தும்மலுக்கு முதலில் வேறு மருந்தைப் பார்க்கவும் சொன்னது. எல்லோருக்கும் இந்தத் தொல்லை வராது. ஆபத்து கூடவில்லை என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஆனால் எப்போதாவது ஒருவருக்கு வரும் விளைவு, அனுமதிக்கு முந்தைய சோதனைகளில் சிக்குவது கடினம். மாத்திரை சாப்பிட்டவர்களும் டாக்டர்களும் சொல்லச் சொல்லத்தான் தெரியவரும்.

கயிறு மேல் எனக்குள்ள கோபம் இதுதான். கயிறு கட்டிய வீட்டில் மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, அந்தத் தகவல் அங்கேயே தொலைகிறது. மருந்துக்கடையில் அட்டையை வெட்டி நாலு மாத்திரை தரும் நம் ஊரில் எச்சரிக்கைத் தாளும் கைக்கு வருவதில்லை.

அம்மா, இந்த வயதில் மாத்திரை இல்லாமலும் பிள்ளைகள் தூக்கத்தில் அலறுவதுண்டு. மாத்திரை தொடங்கிய தேதியையும் முதலில் அலறிய தேதியையும் ஒரு தாளில் எழுதி, நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பையனுக்கு ஆஸ்துமா இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. அந்த இரண்டு தேதிகளை அங்கேயும் சொல்லிவிடுங்கள்.