தேசிக்குப் புற்றுநோய் வராது

தேசி இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்தோடு எழும்பும் தக்கை போன்ற கொப்புளத்துக்கு இப்போது ‘சிட்ரஸ் புற்றுநோய்’ என்று பெயர். கைப்பேசியில் மொழிபெயர்த்து ஒட்டும் துண்டறிக்கையெல்லாம் இதையே சொல்கிறது. மட்டக்களப்பின் படுவான்கரையில் வளவுக்குள் நாலு தேசி வைத்திருப்பவர் இதை வாசித்தால் மருந்தைக் கேட்கமாட்டார்; “இந்தக் காயைச் சாப்பிடலாமா?” என்றுதான் கேட்பார். சாப்பிடலாம். தோல் அவலட்சணமாகி விலை போகாது, முற்றினால் இலையும் பிஞ்சும் கொட்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல் கேங்கர். லத்தீனில் நண்டைக் குறித்த சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் திரிந்து வந்தது. புற்றுநோயைக் குறிக்கும் கான்சரும் அதே நண்டின் பிள்ளை. கூடப் பிறந்த சொற்கள் என்பதற்காக இரண்டுக்கும் ஒரே தமிழா?

புற்றுக்கு வக்காலத்து வாங்குவோரிடம் ஒரு நியாயம் உண்டு. சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பற்றீரியா இலைவாய் வழியாகவும் காயத்தின் வழியாகவும் நுழைந்து, பித்ஏ4 என்ற புரதத்தைக் கலத்துக்குள் செலுத்தும். அது மரத்தின் எல்ஓபி1 என்ற மரபணுவை இயக்கும் ஊக்கிப் பகுதியில் ஒட்டி அதை முடுக்கிவிட, கலங்கள் வீங்கிப் பெருகித் தோலைப் பிளக்கும். கலம் பெருகினால் புற்றுதானே என்கிறார்கள். இல்லை. தூண்டியது போன பின்னும் தானாகவே பெருகுவதுதான் புற்று. இங்கே பற்றீரியா முடுக்கும் வரைதான் பெருக்கம். செடிகளில் அந்தப் பெயருக்குக் கிட்ட வருவது அக்ரோபற்றீரியம் உண்டாக்கும் கழலை. தன் டிஎன்ஏ துண்டை மரத்தின் டிஎன்ஏயில் செருகிவிடுவதால், பற்றீரியாவைக் கொன்றாலும் அது வளரும். ஆசையிருந்தால் அதற்கு வைக்கட்டும்.

2017இல் சீனத்து வான்ஜின்செங் தோடையில், பித்ஏ4 ஒட்டும் இடத்தைக் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் வெட்டி நீக்கிக் கொப்புளத்தை அடக்கிக் காட்டினார்கள். எல்ஓபி1ஐப் ‘புற்றுநோய் மரபணு’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு என்ன விளங்கும்?

சொறி என்பதே சரி. சொறித்தவளையின் முதுகைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. பூஞ்சணத்தால் வரும் ஸ்காபுக்கும் சிலர் சொறி என்றே எழுதுகிறார்கள். அதற்குப் பொருக்கு என்று இருக்கிறது. பொருக்கு பெரும்பாலும் இலையின் ஒரு பக்கம். சொறி இரு பக்கமும் எழும்பும், மஞ்சள் வளையமும் இருக்கும்.

சொறி மாரியில் வாடைக்காற்றோடு அடிக்கும் மழையில் பரவும். இலைச் சுரங்கப் புழு அரித்த தடம் அதற்குத் திறந்த வாசல். கொப்புளம் வந்த பிறகு செம்பு மருந்து அடித்துப் பயனில்லை. அது தடுப்பு மட்டுமே, தளிர் விரியும்போதே அடிக்க வேண்டும். போர்டோக் கலவை அப்படியொரு செம்பு மருந்து. அதில் 10 லீற்றருக்கு மயில்துத்தம் 100 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் 5 லீற்றரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் தோய்த்துப் பார்க்கவும். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது, அப்படியே அடித்தால் தளிர் கருகும். கலந்த அன்றே முடிக்க வேண்டும். நோய்க் கொப்பை வெயில் நாளில் வெட்டி எரிக்கவும். ஈரத்தில் வெட்டினால் கத்தியே பரப்பும்.

இதே கைகள்தான் தேசி, தோடைக்கு வரும் இன்னொரு நோயான கிரீனிங்கைப் ‘பசுமையாதல் நோய்’ ஆக்கின. அதில் இலை மஞ்சளாகும். காயின் அடிப்பகுதி மட்டும் பழுக்காமல் பச்சையாக நிற்கும். சீனர் அதை ஹுவாங்லோங்பிங் என்கிறார்கள். தென்சீனத் தோட்டக்காரர் வழக்கில் அந்தச் சொல்லின் பொருள் மஞ்சள் தளிர் நோய். தமிழிலும் அப்படியே எழுதலாம்.