பாலிஷ் போகாத இடத்தைப் பாருங்கள்

போன மாதம் திருப்பூரிலிருந்து ஓர் அக்கா டெம்போவில் ஒரு மேசையை ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். முன்பலகையைச் சாய்த்து இறக்கினால் எழுதும் மேசை, தூக்கி மூடினால் அலமாரி, உள்ளே கடிதம் செருகி வைக்கப் புறாக்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். செக்ரட்டரி டெஸ்க் என்பார்களே, அதுதான். "வால்பாறை எஸ்டேட் பங்களா சாமானுங்ணா, இருநூறு வருசத்துப் பழசுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. பலகை மட்டும் கொஞ்சம் ஆடுதுங், சரி பண்ணிக் குடுங்" என்றார்.

ஒரு டிராயரை உருவித் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் பிளைவுட், இருநூறு வருடத்துச் சாமானில் இருக்க முடியாத சரக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் முகத்தைப் பார்த்தே, "ஏனுங்ணா, ஏமாந்து போட்டனுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

விலையில் ஏமாந்துதான் போயிருந்தார், மேசையில் அல்ல. நல்ல தேக்கு, நிதானமான வேலை, முப்பது நாற்பது வருடம் இருக்கலாம். இருநூறு வருடம் என்பது கதை. வால்பாறைப் பக்கம் காட்டைத் திருத்தித் தோட்டங்கள் பெருகியதே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான், பங்களா இல்லாத காலத்தில் பங்களாவுக்கு மேசை எங்கிருந்து வரும்? கோவையில் ஸ்டேன்ஸ் பஞ்சாலையே வந்தது 1888-ல்தான். விற்பவர் வருடம் சொன்னால் அந்த ஊருக்கு அப்போது என்ன வயது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை.

கோவையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய மரச்சாமான் சரிசெய்கிறேன். இந்த மேசைகளை இப்போது நிறையப் பேர் தேடுவதற்குக் காரணம் புரிகிறது, வேலை முடிந்ததும் லேப்டாப்பை உள்ளே தள்ளி மூடிவிட்டால் ஹால் மறுபடி ஹால் ஆகிவிடும். நம் ஊர் மண்டிகளில் கணக்குப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிய சாய்வுப் பெட்டி இருந்ததல்லவா, சீமையிலும் அப்படியொரு பெட்டிதான் முதலில் இருந்தது, அதைக் கால் வைத்த சட்டத்தின்மேல் ஏற்றி, கீழே டிராயர் சேர்த்து வளர்ந்ததுதான் இது.

சரி, எப்படிப் பார்ப்பது? முகப்பைப் பார்க்காதீர்கள், அதைத்தான் விற்பவர் இரண்டு நாள் தேய்த்து வைத்திருப்பார். டிராயரை வெளியே எடுங்கள், மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள், டார்ச் அடித்து முதுகையும் அடியையும் பாருங்கள். டிராயரின் மூலையில் புறா வால் மாதிரி பல்லுக்குப் பல் கோத்த டவ்டெயில் இருக்கும். கையால் உளிபோட்டு வெட்டியது என்றால் ஒரு பல்லும் இன்னொரு பல்லும் அச்சாக இருக்காது, கோடு கிழித்த தடம்கூடத் தெரியும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் மெஷின் வேலை. அடிப்பலகையை விரல் நுனியால் குறுக்கே தடவினால் இழைப்புளி ஓடிய மேடு பள்ளம் லேசாகத் தட்டுப்படும். டிராயர் ஓடும் தடம் தேய்ந்திருக்க வேண்டும், நூறு வருடம் இழுத்து மூடிய டிராயரின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூ. கூட்டல் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூ 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அதற்காக ஒரு ஸ்டார் ஸ்க்ரூவைப் பார்த்ததும் போலி என்று கத்த வேண்டாம், எங்களை மாதிரி யாராவது கீலை மாற்றியிருக்கலாம். பக்கத்தில் அடைத்த பழைய ஓட்டை இருந்தால் மாற்றியது, ஓட்டையே இல்லாமல் எல்லாம் ஸ்டார் என்றால் பிறந்ததே அப்படித்தான்.

மேலே கண்ணாடி அலமாரி, கீழே மேசை என்று இரண்டடுக்காக வருவதில் இன்னொரு வில்லங்கம். வேறு வேறு சாமானின் மேலும் கீழும் சேர்த்து ஒன்றாக விற்பார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் இதற்குக் 'கல்யாணம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஜாதகம் பார்க்காத கல்யாணம் போல. இரண்டின் முதுகுப் பலகையையும் ஒத்துப் பாருங்கள், முகத்தில் பாலிஷ் போட்டு நிறம் சேர்த்தவர் முதுகில் சேர்த்திருக்க மாட்டார்.

ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், என்று சொன்னால் அடியில் மறைவான இடத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், மேலே கருப்பும் உள்ளே வெளுப்புமாக இருந்தால் சாயம். மரம் பார்க்கக் கண் பழக வேண்டுமென்றால் நம் ஊரிலேயே 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு மதியம் போய் மர மாதிரிகளைப் பார்த்து வரலாம்.

சின்ன ஓட்டைகள் இருந்தால் பயந்து ஓட வேண்டாம், உளுத்தது பழைய கதையா, இப்போதும் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. அடியில் கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் விடுங்கள், வெளிர் மாவு கொட்டியிருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. தேக்கில் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள கருத்த கட்டையை, அது அவ்வளவாகத் தொடாது, ஓரத்து வெள்ளைக் கட்டையைத்தான் தின்னும்.

இனி நான் அதிகம் பார்க்கும் சேதத்துக்கு வருகிறேன், இது வாங்கின பிறகு நடப்பது. குன்னூரிலோ வால்பாறையிலோ ஈரக்காற்றில் ஐம்பது வருடம் நின்ற மேசையைப் பங்குனியில் கோயமுத்தூருக்கு இறக்கி, ஏசி ரூமில் வைத்துவிடுவார்கள். மரம் நீளவாக்கில் சுருங்குவது அற்பம், குறுக்கேதான் சுருங்கும். இரண்டே மாதத்தில் பக்கப்பலகை வெடிக்கும், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீர் தூக்கும், டிராயர் லொடலொடக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு வெடிப்பில் மக்கு வைத்து அடைப்பார்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போது மரம் மறுபடி விரியும், அடைத்த மக்கு இடம் கொடுக்காமல் பக்கத்தில் புதிதாக ஒரு வெடிப்பு விடும். வெயிலும் ஏசியும் நேராகப் படாத அறையில் ஒரு வருடம் சும்மா வைத்திருங்கள், எல்லாப் பருவத்தையும் பார்த்து அது அடங்கட்டும், அப்புறம் கை வைக்கலாம்.

உப்புத்தாள் போட்டு மொத்தமாகத் தேய்த்து பியூ என்கிற பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சு அடித்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். மறைவான மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவினால் பாலிஷ் இளகிப் பிசுபிசுக்கிறதா, அப்படியானால் அது அரக்குப் பாலிஷ், அதன் மேலேயே திரும்பப் பூசிச் சரிசெய்யலாம். ஒட்டியது வஜ்ஜிரம் என்கிற பழைய காலத்துப் பசையாக இருந்தால் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டலாம். ஒரு தடவை தேய்த்துவிட்டால் அந்த நிறம் போனது போனதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் பையனுக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு வருடம் தாண்டியது நிஜமானால் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரலாம், ஈட்டி மரம் 2017 முதல் சைட்டிஸ் என்கிற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. விசாரிக்காமல் கப்பலில் ஏற்றாதீர்கள்.

அந்த அக்காவின் மேசைக்கு வருகிறேன். பலகையைத் தாங்க இரண்டு பக்கமும் வெளியே இழுக்கும் கட்டைகள் இருந்தன, யாரோ அவற்றை இழுக்காமலே பலகையை இறக்கி முழங்கையை ஊன்றியிருக்கிறார்கள், கீல் ஸ்க்ரூ மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஓட்டையில் தேக்குக் குச்சி அடித்து ஒட்டி, மறுபடி துளைபோட்டு முடுக்கினேன். எழுதும் உயரம் 29 அங்குலம், நாற்காலிக்குச் சரி. லேப்டாப் வைத்து மூடியும் பார்த்தோம், மூடியது. சார்ஜருக்கு முதுகில் ஓட்டை போடவா என்று டெம்போக்காரர் கேட்டார், கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன், பலகைகளுக்கு நடுவில் இருந்த சந்தே போதும்.

எல்லாம் பார்த்த நான் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "மேசை நல்லாருக்குதுங்ணா. ஆனா பலகையத் தெறந்தா கட்டில்ல இடிக்குதுங்."