முக்கோணத்துக்குள் இருக்கும் எண் என்ன சொல்கிறது?

காலியான ஷாம்பு பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சின்னதாக ஒரு முக்கோணம், அதற்குள் ஓர் எண். பார்த்ததும் ‘சரி, இது மறுசுழற்சிக்குப் போய்விடும்’ என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் குறி அப்படி எந்த உத்தரவாதமும் தரவில்லை. பாட்டில் எந்த வகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது.

1988-ல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்த முறை இது. ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளை எண்ணைச் சுற்றிப் போட்டதில்தான் குழப்பமே ஆரம்பித்தது. 2013-ல் தரவிதியைத் திருத்தி, அம்புகளுக்குப் பதில் வெறும் முக்கோணம் போதும் என்றார்கள். பழைய அம்புகள் இன்னும் பல பொருட்களில் இருக்கின்றன.

எண் 1 (பெட்), தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். எண் 2 (எச்டிபிஇ), ஷாம்பு, சோப்புத் திரவ பாட்டில்கள். இந்த இரண்டையும் பெரும்பாலான இடங்களில் வாங்கிக்கொள்வார்கள். எண் 5 (பாலிப்ரொப்பிலீன்), மூடிகளும் டப்பாக்களும். இதை எடுப்பது இடத்துக்கு இடம் மாறும்.

தொல்லை பிடித்தது எண் 3, அதாவது பிவிசி. எண் 1-ஆன பெட் பிளாஸ்டிக்கை உருக்க ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதில் ஒரு துண்டு பிவிசி கலந்திருந்தால், அந்தச் சூட்டில் அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். கூட இருக்கும் பெட்டும் பாழாகிவிடும். அதனால் ‘போட்டு வைப்போம், அவர்கள் பிரித்துக்கொள்ளட்டும்’ என்று தெரியாததையெல்லாம் சேர்த்துப் போடுவது நல்ல எண்ணமாக இருந்தாலும் கெடுதல்தான்.

எண் 4, மெல்லிய பைகள். உருக்கலாம்தான், ஆனால் தரம் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொண்டு வேலையையே நிறுத்திவிடும். தனியாகச் சேகரிக்கும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள். எண் 6-ல் வரும் தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான். ஏற்றிப்போகும் செலவுக்கே கட்டாது. எண் 7 என்றால் ‘மற்றவை’. மக்கும் பிளாஸ்டிக் கோப்பையும் இதற்குள்தான் வரும். அதை மற்ற பிளாஸ்டிக்கோடு சேர்க்கக் கூடாது.

உள்ளே வெள்ளியாய் மின்னும் பாக்கெட்டைக் கசக்கிக் கையை விடுங்கள். மறுபடி விரிந்துகொண்டால் அது அலுமினியத் தாள் இல்லை, உலோகம் பூசிய பிளாஸ்டிக். இப்படிப் பல அடுக்குகள் ஒட்டியவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். கறுப்புத் தட்டுகளுக்கு வேறு சிக்கல்: அவற்றிலுள்ள கார்பன் நிறமி அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிவிடுவதால், தரம் பிரிக்கும் கருவிக்கு அவை தெரிவதே இல்லை.

எதை எடுப்பார்கள் என்பதை முடிவு செய்வது உங்கள் உள்ளாட்சியின் பட்டியல், முக்கோணம் அல்ல. ஒருமுறை அதைப் பார்த்துவிடுங்கள். போடும்முன் பாட்டிலை அலசினால் போதும், தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. பெட் பாட்டிலின் மூடியைத் திருகியபடியே விடலாமா என்பதும் பட்டியலில் இருக்கும். ஆலையில் துண்டுகளாக்கித் தண்ணீரில் போடும்போது பெட் மூழ்கும், மூடித்துண்டு மிதக்கும். அதனால் பல இடங்களில் மூடியோடு வாங்குகிறார்கள்.

அப்புறம், எண்ணே அழிந்துபோன பாட்டில் என்றால் அடியைத் தடவிப் பாருங்கள். நடுவில் புள்ளிபோல் ஒரு தழும்பு இருந்தால் பெரும்பாலும் பெட். நீளமாகக் கோடு ஓடினால் அநேகமாக எச்டிபிஇ, சில சமயம் பிவிசியாகவும் இருக்கலாம்.